சுட்டுவிரல் ஓய்ந்துபோன ஐந்து வருடங்கள்: கியுங்-வா சுங்கின் வயலின் வாழ்க்கை

1970 மே மாதம், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரி, நடத்துபவர் ஆந்த்ரே பிரெவின். நிகழ்ச்சியில் சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்டோ இருக்கிறது. வாசிக்க வேண்டியவர் இட்சாக் பெர்ல்மான். அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக மேடை ஏறியவர் லண்டன் ரசிகர்கள் அதிகம் கேள்விப்படாத 22 வயதுப் பெண். சியோலில் பிறந்து நியூயார்க்கில் படித்தவர். பெயர் கியுங்-வா சுங். அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு டெக்கா நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் முதல் இசைத்தட்டும் வந்துவிட்டது.

இதைப் படித்ததும் "ஒரே ராத்திரியில் புகழ்" என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவருடைய பதிவுகளை வரிசையாகக் கேட்டு, கூடவே வாழ்க்கைக் குறிப்புகளையும் எடுத்து வைக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அந்த ராத்திரி ஒரு நீண்ட வரிசையின் கடைசிப் படி என்று. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியமானது. மேற்கத்திய செவ்வியல் இசையில் "தனிக் கலைஞர்" என்ற தொழில் எப்படி நடக்கிறது, அதில் யார் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இவரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பெயர் விஷயம். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அங்கே அவர் சுங் கியுங்-வா. மேற்கே போனதும் திருப்பிப் போட்டு கியுங்-வா சுங் ஆக்கிவிட்டார்கள். நான் இங்கே கியுங்-வா என்றே எழுதுகிறேன். காரணம், இந்தக் கதையில் சுங்குகள் நிறைய.

1948 மார்ச்சில் பிறந்தார். இரண்டே வருடத்தில் கொரியப் போர். ஏழு குழந்தைகள் இருந்த வீடு. அம்மா லீ வோன்-சூக் உணவகம் நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர். சியோலை விட்டு பூசானுக்கு ஓடியபோது, மற்றவர்கள் அரிசியும் துணியும் மூட்டை கட்ட, இந்த அம்மா பியானோவையும் ஏற்றிக்கொண்டு போனதாகக் கொரியாவில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மெருகேறிய கதையாகவே இருக்கட்டும். அந்த வீட்டில் எதற்கு முன்னுரிமை என்பதை அது காட்டிவிடுகிறது. அக்கா மியுங்-வா செல்லோ கலைஞர் ஆனார். தம்பி மியுங்-வுன் பியானோவில் ஆரம்பித்து உலகப் புகழ்பெற்ற நடத்துநர் ஆனார். மூவரும் சேர்ந்து 'சுங் டிரியோ' என்ற பெயரில் வாசித்தும் வந்தார்கள்.

கியுங்-வாவுக்கு முதலில் பியானோதான். அது ஒட்டவில்லை. வயலின் கைக்கு வந்ததும் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வயதில் சியோல் ஃபில்ஹார்மோனிக்கோடு மெண்டல்சன் கான்செர்டோ வாசித்தார். 13 வயதில், 1961இல், அமெரிக்கா. பின்னால் குடும்பமும் போனது. சியாட்டில் பக்கம் அம்மா மறுபடி ஒரு கொரிய உணவகம் ஆரம்பித்தார். எனக்கு இந்த உணவக விஷயம் முக்கியமாகப் படுகிறது. 'மேதைக் குழந்தை' என்று எழுதும்போது அந்த மேதைமைக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்பதை எழுத மறந்துவிடுகிறோம்.

நியூயார்க்கில் ஜூலியார்ட் பள்ளி, ஆசிரியர் இவான் கலாமியன். ஈரானின் தப்ரீஸில் பிறந்த ஆர்மீனியர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பெயர் வாங்கிய வயலின் கலைஞர்களில் ஒரு பெரும் பங்கு இவர் கையைத் தாண்டி வந்தவர்கள். பெர்ல்மான் இவர் மாணவர், பின்காஸ் சுக்கர்மானும் இவர் மாணவர். கலாமியனின் வகுப்பில் மந்திரம் எதுவும் கிடையாது. வில்லை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்தம், தந்தியில் எந்த இடத்தில், என்ன வேகம், எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு. கைவிரல் தானாக ஓடிப் பழகுவதைவிட, மனம் கட்டளையிட்டு விரல் அதைச் செய்வதுதான் நுட்பம் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்து இது வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும்.

இனி போட்டி. அந்தக் காலத்து அமெரிக்காவில் லெவென்ட்ரிட் போட்டியில் ஜெயிப்பது என்றால் பரிசுப்பணம் அல்ல விஷயம். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களோடு வாசிக்கும் வாய்ப்பு கிடைக்கும். அதுதான் உண்மையான பரிசு. ஒரு கலைஞரின் பெயர் ஆர்க்கெஸ்ட்ரா நிர்வாகிகளின் மேசையில் போய்ச் சேர வேண்டும். அதற்கு அன்று இருந்த நேர்வழி இது. 1954இல் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் ஜெயித்தார். 1964இல் பெர்ல்மான்.

1967இல் கியுங்-வா கலந்துகொண்டார். கலந்துகொள்ள வேண்டாம் என்று ஆசிரியரே தடுத்துப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. அதே வருடம் சுக்கர்மானும் போட்டியில் இருந்தார். இரண்டு பேரும் 1948இல் பிறந்தவர்கள், ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள். ஆனால் சுக்கர்மானுக்குப் பின்னால் ஐசக் ஸ்டெர்ன் இருந்தார். இஸ்ரேலில் சிறுவனாக இருந்தவரைக் கண்டெடுத்து நியூயார்க்குக்கு வரவைத்தவரே ஸ்டெர்ன்தான். அமெரிக்க இசை உலகில் அன்று ஸ்டெர்னின் சொல்லுக்கு இருந்த எடை சாதாரணமானது அல்ல. கியுங்-வாவுக்குப் பின்னால் அம்மா இருந்தார். மகளுக்காக வீட்டை விற்று 'ஹாரிசன்' என்ற பெயருள்ள 1693ஆம் வருட ஸ்ட்ராடிவாரி வயலினை வாங்கிக் கொடுத்ததாக அந்த அம்மாவைப் பற்றி இன்னொரு கதை உண்டு. (அந்த வயலின் பிற்பாடு கைமாறி, இப்போது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போட்டிக்கு வந்த ஆயுதம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.)

நடுவர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. இருவரையும் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில் முதல் பரிசைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

பரிசு சமமாகப் பிரிந்தது. வாய்ப்பும் அப்படிப் பிரிந்ததா? நான் பார்த்த வரையில் இல்லை. சுக்கர்மானின் பெயர் சீக்கிரமே எங்கும் கேட்க ஆரம்பித்தது. கியுங்-வாவுக்கும் சிகாகோ, நியூயார்க் என்று நல்ல மேடைகள் வந்தன. ஆனாலும் அந்த மூன்று வருடங்களில் அவருடைய கதையில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சொல் 'பதிலாள்'. வெள்ளை மாளிகை விழாவில் வாசிக்க இருந்த நேதன் மில்ஸ்டைனுக்கு உடம்பு முடியாமல் போக, அங்கே போய் வாசித்ததும் இவர்தான்.

பதிலாளாகப் போவதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அது இந்தத் தொழிலின் ஒரு ரகசியக் கதவு. ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகள் ஒன்று, இரண்டு வருடம் முன்னாலேயே முடிவாகிவிடும். புதியவருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம். யாராவது நோயில் விழ வேண்டும், விமானம் தவற வேண்டும். அப்போது முகவரிடமிருந்து தொலைபேசி வரும்: "இந்த கான்செர்டோ உங்கள் விரலில் இருக்கிறதா? நாளைக்கு வர முடியுமா?" இருக்கிறது என்று சொல்ல, அது உண்மையாகவே விரலில் இருக்க வேண்டும். சைக்கோவ்ஸ்கியின் கான்செர்டோ அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒத்திகை ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். சேர்ந்து வாசிக்கப்போகிறவர்கள் உங்களை அதுவரை பார்த்திராத எண்பது, தொண்ணூறு பேர். வந்த ரசிகர்களோ வேறு ஒருவரைக் கேட்க டிக்கெட் வாங்கியவர்கள்.

இந்த நிலைமையில்தான் 1970இன் அந்த லண்டன் ராத்திரி.

பிரெவினும் லண்டன் சிம்பொனியும் சேர்ந்து அவர் பதிவு செய்த முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் சைக்கோவ்ஸ்கி, மறுபக்கம் சிபேலியஸ். சைக்கோவ்ஸ்கி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டின் உயிர் சிபேலியஸில். தொடக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்கள் மிக மெல்லிய ஒலியில் நடுங்கிக்கொண்டிருக்கும். பனிமூட்டம் மாதிரி. அதன் மேல் தனி வயலின் தயக்கமில்லாமல் நுழைய வேண்டும். பலர் இந்த இடத்தில் அழகாக வாசிப்பார்கள். கியுங்-வா அழகை இரண்டாம் பட்சமாக்கிவிடுகிறார். ஒலி ஒடுங்கி, கூர்மையாகி, சில இடங்களில் கிட்டத்தட்டக் கீறல் விழுகிற அளவுக்குப் போய்த் திரும்புகிறது. ஆபத்தான வாசிப்பு. ஆசியாவிலிருந்து வருகிறவர்களிடம் நுட்பம் உண்டு, உணர்ச்சி இல்லை என்ற பழைய புகார் மேற்கத்திய விமர்சன உலகில் ரொம்ப காலம் உலவியது. அந்தப் புகாரைச் சொல்பவர்கள் இந்தத் தட்டைக் கேட்டிருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றும்.

புகழ் வந்த பிறகு அவர் செய்த ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. ஹங்கேரிய வயலின் மேதை யோசெஃப் சிகெட்டியிடம் போய்ப் படித்தார். சிகெட்டி அப்போது வயதாகி, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருந்தார். கலாமியன் கையைச் செதுக்கினார் என்றால், சிகெட்டி வேறு பக்கம் திருப்பினார். புத்தகம் படி, ஓவியங்களைப் போய்ப் பார் என்று தூண்டினாராம். சைக்கோவ்ஸ்கி அந்தக் கான்செர்டோவை 1878இல் எழுதியதும் அதே ஏரிக்கரையில், கிளாரென்ஸ் என்ற ஊரில்தான். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

எழுபதுகள் முழுக்கப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. ருடால்ஃப் கெம்பெயோடு புரூக்கின் முதல் கான்செர்டோவும் 'ஸ்காட்டிஷ் ஃபேன்டசி'யும், பிரெவினோடு வால்டன், ஸ்ட்ராவின்ஸ்கி, ப்ரோகோஃபியெவ், ஜார்ஜ் ஷோல்ட்டியோடு பார்டோக், எல்கர். பியானோ கலைஞர் ராடு லுப்புவோடு ஃப்ராங்க், டெபுஸி சொனாட்டாக்கள். இந்தப் பட்டியலில் நான் கவனித்தது: சுலபமாகக் கைத்தட்டு வாங்கித்தரும் துண்டு உருப்படிகளுக்கு இங்கே பெரிய இடம் இல்லை. எண்பதுகளில் குழந்தைகள் பிறந்த பிறகு கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டார். பெண் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வரி ஒரு வாக்கியமாகக் கடந்து போய்விடும். கையிலிருந்து நழுவிய மேடைகளின் கணக்கு அந்த வாக்கியத்துக்குள் இருக்காது. ஆனாலும் அந்தக் காலத்துப் பதிவுகள் மோசமில்லை. கிறிஸ்டியன் ஸிமர்மானோடு வாசித்த ஸ்ட்ராஸ், ரெஸ்பிகி சொனாட்டாக்களுக்கும், சைமன் ராட்டிலோடு வாசித்த பார்டோக்குக்கும் கிராமஃபோன் விருதுகள் கிடைத்தன.

இதற்கிடையில் கொரியாவில் சுங் குடும்பம் தேசியப் பெருமையாகிவிட்டது. 1974இல் தம்பி மியுங்-வுன் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டியில் பியானோவில் இரண்டாம் பரிசு வாங்கித் திரும்பியபோது, சியோல் தெருக்களில் கார் ஊர்வலம் விட்டார்கள். நம்மூரில் கிரிக்கெட் கோப்பைக்கு நடக்குமே, அந்த மாதிரி. இன்றைக்குச் சர்வதேசப் போட்டிகளில் கொரியப் பெயர் இல்லாத இறுதிச் சுற்று அபூர்வம். 2015இல் வார்சாவில் சோபின் போட்டியை ஜெயித்தவரும், 2022இல் வான் கிளைபர்ன் போட்டியை ஜெயித்த 18 வயதுப் பையனும் கொரியர்கள். 1961இல் ஒரு 13 வயதுப் பெண் விமானம் ஏறியபோது இந்தப் பாதை இல்லை.

2005. இடது கைச் சுட்டுவிரலில் காயம். வாசிப்பது நின்றுபோனது.

ஒரு விரல்தானே என்று தோன்றலாம். வயலின் வாசிப்பில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் விபரீதம் புரியும். வயலினில் கிடாரைப் போலக் கட்டைகள் கிடையாது. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று காட்ட எந்த அடையாளமும் இல்லை. அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதற்குள் எல்லா ஸ்வரங்களும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் காதுக்குத் தெரிந்துவிடும். விரல்களைச் சுட்டுவிரலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார்கள். கட்டைவிரல் கணக்கில் வராது. கை எங்கே நிற்கிறது என்பதை அந்த ஒன்றாம் விரல்தான் தீர்மானிக்கிறது. மற்ற மூன்றும் அதிலிருந்து அளந்து விழும். கை மேலே ஏறி இறங்கும்போது பெரும்பாலும் வழிகாட்டி அந்த விரல்தான். ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்கும்போது ஒரு முனை சுட்டுவிரல், மறுமுனை சுண்டுவிரல். கர்நாடக சங்கீதத்தில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். பிடிப்பு வேறு. ஆனாலும் கமகம் இழுப்பதில் முதலிரண்டு விரல்கள்தான் பெரும்பாடு படுகின்றன. ஆகவே வயலின் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், சுட்டுவிரல் இல்லாத வயலினைக் கற்பனை செய்து பார்த்து நடுங்குவார்கள்.

அப்போது அவருக்கு 57 வயது. ஐந்து வருடம் மேடை இல்லை. 2007இலிருந்து ஜூலியார்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். படித்த இடத்துக்கே ஆசிரியராக. வாசிக்க முடியாத அந்தக் காலத்தில் இசையை மனத்துக்குள்ளேயே பயிற்சி செய்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். கலாமியன் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மனம் கட்டளையிடும், விரல் செய்யும். இங்கே விரல் இல்லை. கட்டளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

2010இல் சியோலில், விளாதிமிர் அஷ்கெனாஸி நடத்த, ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு பிராம்ஸ் கான்செர்டோ வாசித்துத் திரும்பி வந்தார். திரும்பி வருகிறவர்கள் பொதுவாக எளிய உருப்படியாகத் தேர்ந்தெடுப்பார்கள். பிராம்ஸ் எளியதல்ல. அடுத்த வருடம், 2011இல், அம்மா காலமானார்.

2014 டிசம்பரில் பல வருடங்களுக்குப் பிறகு லண்டனில், அதே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஒரு கச்சேரி. இது செய்தியானது, ஆனால் இசைக்காக அல்ல. மொஸார்ட்டின் முதல் பகுதி முடிந்த இடைவெளியில் அரங்கம் முழுக்க இருமல். அதில் ஒரு சின்னக் குழந்தையின் இருமலும் இருந்தது. கியுங்-வா மேடையிலிருந்தபடியே அந்தப் பெற்றோரிடம், குழந்தை கொஞ்சம் பெரியவளானதும் கூட்டி வாருங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அரங்கம் இறுகிப்போனது. விமர்சனங்கள் வாசிப்பை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டன. சில நாட்களில் அவரே பத்திரிகையில் தன் தரப்பை எழுத வேண்டி வந்தது.

அவர் செய்தது சரியா? குழந்தையின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஒன்பது வயதில் மேடையேறிய ஒருவர் குழந்தையைப் பார்த்து அதைச் சொன்னது இன்னும் நெருடுகிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மைக் இல்லாத கச்சேரி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் கூடத்தில் மரத்தால் ஆன ஒரு சின்னப் பெட்டியும் நான்கு தந்தியும்தான். அதில் மௌனமும் இசையின் ஒரு பகுதி. விரல் திரும்பவும் நின்றுவிடுமோ என்ற பயத்தோடு 66 வயதில், தன்னை உலகத்துக்குக் காட்டிய அதே கூடத்துக்குத் திரும்பி வருகிறவருக்கு அன்று ராத்திரி நரம்புகள் எந்த நிலையில் இருந்திருக்கும்? அன்று நிகழ்ச்சியில் பாகின் 'சகோன்' இருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த சகோனைப் பற்றிக் கொஞ்சம். பாக் துணைக்கருவி இல்லாத தனி வயலினுக்காக ஆறு படைப்புகள் எழுதினார், மூன்று சொனாட்டா, மூன்று பார்டிட்டா. கையெழுத்துப் பிரதியில் 1720 என்று இருக்கிறது. ஆறையும் சேர்த்து வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாம் பார்டிட்டாவின் கடைசிப் பகுதிதான் சகோன். ஒரு சின்ன அடித்தளம் திரும்பத் திரும்ப வர, அதன் மேல் கால் மணி நேரத்துக்குக் கட்டிடம் எழும்பிக்கொண்டே போகும். கியுங்-வா இதை 1974இல் டெக்காவுக்காகப் பதிவு செய்தார். கூடவே மூன்றாம் சொனாட்டா. மற்ற நான்கும் அப்படியே நின்றுபோயின. நாற்பத்திரண்டு வருடங்கள்.

2016இல், வார்னர் நிறுவனத்துக்காக ஆறையும் முழுதாகப் பதிவு செய்து வெளியிட்டார். அடுத்த வருடம் மே மாதம், 69 வயதில், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஆறையும் ஒரே மாலையில் வாசித்தார். தனியாக, ஒரு வயலினோடு.

இரண்டு சகோன்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன். 1974இல் ஒவ்வொரு வரியும் இழுத்துக் கட்டிய தந்தி மாதிரி நிற்கிறது. சிபேலியஸில் கேட்ட அதே ஆள். 2016இல் சில இடங்களில் ஸ்ருதி மயிரிழை விலகுகிறது, சில கூட்டு ஸ்வரங்கள் கரடுமுரடாக விழுகின்றன. காது தேர்ந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்லத்தான் செய்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் நடுவில் ராகம் மாறுகிற மாதிரி இசை டி மேஜருக்குத் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. 1974இல் அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறார். 2016இல் அங்கே நிற்கிறார்.

கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு, முதலில் 1970இன் சிபேலியஸ். பிறகு லுப்புவோடு வாசித்த ஃப்ராங்க் சொனாட்டா. சகோன் இரண்டும் கடைசியில், பழையது முதலில். காதில் மாட்டும் கருவி இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் இதெல்லாம் எடுபடாது.